குதிருக்குள் இருந்த கொட்டை

கள்ளக்கடத்தல் என்றால் அமாவாசை இருட்டில், மூச்சைப் பிடித்துக்கொண்டு நடக்கும் என்று நினைக்கிறவர்கள் ஒருமுறை எலிங்கோருக்கு வந்து பார்க்க வேண்டும். இங்கே அது உச்சி வெயிலில், ஹாரன் அடித்துக்கொண்டு நடக்கும். பின்னால் மூட்டை மூட்டையாக முந்திரிக்கொட்டை கட்டிய மோட்டார் சைக்கிள்கள் ஊர் நடுவே போகும். சுங்கச் சாவடியைத் தாண்டும்போது வண்டிக்காரன் கையைத் தூக்கி வணக்கம் வேறு சொல்வான். சாவடிக்காரன் கிந்தினு மாமரத்தடியில் நாற்காலியைச் சாய்த்துப் போட்டபடி பதில் வணக்கம் சொல்வான். அதைத் தாண்டினால் துறை, துறையில் கொட்டை வாங்கிக் கடத்தும் மொமாரின் தோணி. உப்பங்கழிக்கு அந்தப் பக்கம் செனகல். அத்தோடு எங்கள் நாட்டின் ஏற்றுமதி முடிந்தது.

இதைப் பார்த்து வயிறெரிந்தவர்கள் பல பேர். வாயைத் திறந்து திட்டியவள் எர்னெஸ்தா ஒருத்திதான்.

அவளுடைய பருப்புக் கொட்டகை அந்தச் சாலையோரத்திலேயே இருந்தது. கொட்டை வேகவைக்கும் இரும்புப் பீப்பாய், ஓடு உடைக்கும் மேசைகள், தோல் உரிக்கும் பெஞ்சு, உட்கார்ந்து வேலை செய்ய ஊர்ப் பெண்கள் என்று எல்லாம் இருந்தது. கொட்டைதான் இல்லை. சுற்றிலும் தோப்புகள் காய்த்துக் குலுங்கும் காலத்தில், அந்தப் பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, தங்கள் பிழைப்பு மோட்டார் சைக்கிளில் ஏறிப் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

"ஏன்யா கிந்தினு, கண்ணு அவிஞ்சு போச்சா உனக்கு? காலையிலேர்ந்து வண்டி வண்டியாப் போவுது!"

"நான் எங்கக்கா பார்த்தேன்? கண்ணுல தூசி விழுந்துருச்சு."

"தூசியா விழுந்துச்சு? மொமார் குடுத்த சிகரெட்டுப் பொட்டலம் விழுந்துச்சு!"

"சம்பளம் வந்து எத்தனை மாசமாச்சு தெரியுமா? அரசாங்கம் எனக்குன்னு குடுத்தது இந்த நாற்காலி ஒண்ணுதான். அதுலயும் ஒரு கால் நொண்டி. அது நேராகட்டும், நானும் எந்திரிச்சு நிக்கிறேன்."

இப்படிப்பட்டவனை என்ன செய்வது? திட்டினால் சிரிப்பான். எர்னெஸ்தாவுக்கு ஊர் வைத்த பட்டப்பெயர் மிளகாய். அவளுக்கு முன்னால் அதைச் சொல்ல எவனுக்கும் துணிச்சல் கிடையாது. சொல்லியிருந்தாலும் அவள் கோபப்பட்டிருக்க மாட்டாள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவளுடைய கோபமெல்லாம் வேறு இடத்தில் இருந்தது.

அவள் அப்பா காலத்தில்தான் அந்த மோகம் பிடித்தது. முந்திரி நடு, முந்திரி நடு என்று அரசாங்கம் சொன்னது, வியாபாரி சொன்னான், வானொலி சொன்னது. காட்டை அழித்து நட்டார்கள். தோட்டத்தை அழித்து நட்டார்கள். சேற்றில் இறங்கி நெல் நட்ட ஆண்கள் கரையேறி, மரத்தடியில் விழுந்து கிடப்பதைப் பொறுக்கினால் போதும் என்று உட்கார்ந்துவிட்டார்கள். உப்புத் தண்ணீரைத் தடுத்து நின்ற கரைகளைக் கவனிக்க ஆளில்லை. ஒவ்வொன்றாக உடைந்தது, கடல் உள்ளே வந்தது, வயல் வெளுத்துப் போனது. நாடு முழுக்க ஒரே சரக்கு, அதை வாங்கக் கடலுக்கு அப்பால் விரல் விட்டு எண்ணக்கூடிய சில பேர் என்றாகிவிட்டது. அவர்கள் இந்த வருஷம் வேண்டாம் என்று கையை உதறினால் இங்கே அடுப்பு எரியாது. எர்னெஸ்தா சிறுமியாக இருந்தபோது ஒரு வருஷம் அப்படித்தான் உதறினார்கள். அப்பா தோப்பு முழுக்கப் பொறுக்கிய கொட்டையைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு, கப்பலில் வந்த நொய்யரிசியைத் தலையில் வைத்துக்கொண்டு திரும்பினார். அதுவும் ஒரு மாதத்துக்குக்கூட வரவில்லை.

நாங்கள் பெலூப்புகள். இதை எங்கள் ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எங்களுக்கு நெல்தான் மானம். வீட்டுக்காரனுக்கு ஒரு குதிர், வீட்டுக்காரிக்கு ஒரு குதிர், இரண்டும் தனித்தனி. மழைக்காலத்தில் அவன் குதிரிலிருந்து சாப்பாடு, வெயில் காலத்தில் அவள் குதிரிலிருந்து. ஒருவர் குதிருக்குள் இன்னொருவர் எட்டிப் பார்க்கக் கூடாது. கட்டின பெண்டாட்டியானாலும் சரி, பெற்ற பிள்ளையானாலும் சரி. எவ்வளவு இருக்கிறது என்று கேட்பதே அநாகரிகம். பத்து வருஷத்துப் பழைய நெல் வைத்திருப்பவனைப் பார்த்தால் ஊர் எழுந்து நிற்கும். இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை, இருக்கிறது என்று நம்புவதுதான் மரியாதை. இந்த மரியாதையை வைத்துக்கொண்டுதான் பாதிப் பேர் காலி குதிரைக் கட்டிக் காத்துக்கொண்டிருந்தோம்.

வயதுக்கு வந்ததும் எர்னெஸ்தா தலைநகர் பிஸ்ஸாவுக்குப் போய் ஒரு முதலாளியின் கொட்டகையில் ஓடு உடைத்தாள். ஓட்டு எண்ணெய் பட்டு விரல்கள் கறுத்து வெந்தன. பனை எண்ணெயும் சாம்பலும் பூசிக்கொண்டு மறுபடி உடைத்தாள். உடைக்காத கொட்டைக்கு ஒரு விலை, உடைத்த பருப்புக்குப் பல மடங்கு விலை என்பதை அங்கேதான் பார்த்தாள். 'அந்தப் பல மடங்கையும் நாமே கையால் எடுத்து வெளிநாட்டுக்காரனுக்குத் தூக்கிக் கொடுக்கிறோமே!' என்ற கோபம் அங்கேதான் அவளுக்குள் இறங்கியது. பிறகு அது வெளியே போகவே இல்லை. கொட்டை எல்லையைத் தாண்டிப் போனதால் அந்தக் கொட்டகையும் மூடிக்கொண்டது. ஊர் திரும்பி, லீனுவைக் கட்டிக்கொண்டு, பெண்களைச் சேர்த்துச் சொந்தக் கொட்டகை போட்டாள்.

லீனு நல்லவன். அதிர்ந்து பேசாதவன். இவள் பேசுகிற பேச்சுக்கு அவன் பேச இடமும் கிடையாது.

நான் சொல்லும் வருஷத்தில் ஒரு புது வழி திறந்தது. கபோ வேர்தி தீவுகளில் கடை வைத்திருக்கும் ஓர் அம்மாள், உடைத்து வறுத்த பருப்பாக ஒரு லாரி வேண்டும், மழைக்கு முன்னால் வேண்டும் என்று கேட்டிருந்தாள். நன்றாக இருந்தால் வருஷா வருஷம் வாங்குவாள். இல்லையென்றால் வேறு நாட்டில் வாங்கிக்கொள்வாள். அந்த லாரி நிறைந்தால் கொட்டகை பிழைக்கும். நிறையாவிட்டால் பூட்டிவிட வேண்டியதுதான், பெண்கள் இனிமேலும் வந்து ஈ ஓட்டத் தயாராக இல்லை.

ஆனால் கொட்டை எங்கே? மொமார் வரி கட்டாதவன், அதனால் விலையில் ஒரு கைப்பிடி கூட்டிக் கொடுப்பான். அதைவிட, மழைக்காலத்தில் வயிறு காயும்போது நெல்லை முன்கூட்டியே கொடுத்துவிடுவான். கொட்டை விழுந்ததும் வந்து அள்ளிக்கொண்டு போவான்.

"அவன் குடுக்குறான், குடுக்குறோம். அரசாங்கத்துக்கு வரி கட்டி என்னத்தக் கண்டோம்?" என்றான் ஒரு வண்டிக்காரன்.

"அந்த வரியிலதான்டா உன் பிள்ளைக்கு வாத்தியார் வரணும்!"

"வந்தாரா?"

"எப்படி வருவாரு? அவரு சம்பளம்தான் உன் வண்டியில உக்காந்து போவுதே!"

அவன் ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டான்.

அந்தச் சமயத்தில்தான் தலைநகரிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். கொட்டகையில் நாற்காலி போட்டுக் கூட்டம். ஒரே சரக்கை நம்பியிருக்கும் நாடு எப்படி நொடித்துப் போகும், பல பொருள்களைப் பல நாடுகளுக்கு விற்பதுதான் எப்படிப் பாதுகாப்பு, கடத்தல் எப்படி நாட்டின் ரத்தத்தை உறிஞ்சுகிறது என்று அருமையாகப் பேசினார். ஒரு வார்த்தை தப்பில்லை. எர்னெஸ்தாவே தலையாட்டினாள். பேச்சு முடிந்ததும் அவருடைய ஆள் விருந்தாளிகளுக்குத் தட்டில் முந்திரிப்பருப்பு நீட்டினான். பளபளப்பான பொட்டலத்தைக் கிழித்துக் கொட்டிய பருப்பு. எர்னெஸ்தா அந்தப் பொட்டலத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். எல்லைக்கு அந்தப் பக்கத்துக் கடையில் வாங்கியது.

"ஐயா, இத எங்க வாங்குனீங்க?"

"அந்தப் பக்கம் ஒரு கூட்டத்துக்குப் போயிட்டு வர்ற வழியிலம்மா. நல்லா இருக்கும், எடுத்துக்குங்க."

"நல்லா இல்லாம என்ன? எங்க தோப்புக் கொட்டை! எங்க கொட்டகையில உக்காந்துக்கிட்டு, எங்ககிட்டயிருந்து திருடிட்டுப் போன கொட்டையை எங்களுக்கே நீட்டுறீங்களே, கை கூசல? நீங்க இதுக்கு வரி கட்டித்தான் கொண்டு வந்தீங்களா?"

அதிகாரிக்கு அவசர வேலை வந்துவிட்டது. வண்டி கிளம்பியதும் கொட்டகையில் ஒருத்தி சிரித்தாள். எர்னெஸ்தா சிரிக்கவில்லை. தட்டைத் தூக்கி வெளியே எறிந்தாள்.

"இனி எவன்கிட்டயும் போய் நிக்கப் போறதில்ல. கட்டுவோம்."

எதைக் கட்டுவது என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் ஊரில் மஞ்சிதூரா என்று ஒரு விலக்கு உண்டு. மரத்திலோ வழியிலோ பனங்குருத்தைக் கட்டி, பூசை போட்டு, இதைத் தொடாதே, இதைத் தாண்டாதே என்று சொல்லிவிட்டால் அப்புறம் அதைத் தாண்டுகிறவன் கிடையாது. பெண்களுக்கென்று தனிப் பூசையிடம் இருக்கிறது, ஆண்கள் நிழல்கூட அதன்மேல் படக்கூடாது. அதைப் பார்த்துக்கொள்கிறவள் சபினா. வெடுக்கென்று பேசுகிறவள், யாருக்கும் சலுகை கொடுக்காதவள்.

"கட்டலாம். ஆனா கட்டுறவ வீடு சுத்தமா இருக்கணும். எந்தத் தப்பத் தடுக்கக் கட்டுறியோ, அந்தத் தப்பு உன் வீட்டுல இருந்தா கட்டு உன்னையே புடிக்கும். அப்புறம் என்கிட்ட வந்து அழாதே," என்றாள்.

"என் வீட்டப் பத்தி எனக்குத் தெரியாதா?" என்றாள் எர்னெஸ்தா.

விஷயம் தெரிந்ததும் லீனு சோறு வைத்த தட்டைத் தள்ளி வைத்தான்.

"நீ கட்டாத. வேற எவளாச்சும் கட்டட்டும்."

"ஏன், நான் கட்டுனா அவுந்து விழுந்துருமா?"

"அதுக்கில்ல. நம்ம வீடு சுத்தம்தான். என் குதிர்ல பழைய நெல்லத் தவிர ஒண்ணும் கிடையாது. இருந்தாலும் எதுக்கு வம்பு?"

"உன் குதிரப் பத்தி இப்ப யாரு கேட்டா?"

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதைதான். வேறு எவன் இப்படி உளறியிருந்தாலும் எர்னெஸ்தா அந்த இடத்திலேயே பிடித்திருப்பாள். புருஷனைக் கோழை என்று நினைத்ததில் அவளுக்கு மற்றது எதுவும் காதில் ஏறவில்லை. அந்த வருஷம் தோப்பில் பூ கருகிவிட்டது என்று சொல்லி அவன் கொட்டகைக்கு நாலைந்து மூட்டைதான் கொண்டுவந்திருந்தான். அதையும் நம்பினாள். கொட்டகையே கதியென்று கிடந்தவள் தோப்புப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை.

துறைக்குப் போகும் வழியில், இரண்டு மரங்களுக்கு நடுவே, ஊர் பார்க்க எர்னெஸ்தா பனங்குருத்தைக் கட்டினாள். சபினா கள்ளை மண்ணில் ஊற்றினாள்.

"ஓடு உடைக்காத கொட்டை இந்தத் துறையத் தாண்டாது. தாண்டுறவன் வயிறு வீங்கும். கட்டுனவளே, உன் வீடு சுத்தமா?"

"சுத்தம்."

கூட்டத்தில் சில பேர் தரையைப் பார்த்தார்கள். லீனு கூட்டத்திலேயே இல்லை.

மறுநாள் வந்த முதல் மோட்டார் சைக்கிள் குருத்தைப் பார்த்ததும் நின்றது. வண்டிக்காரன் இறங்கினான், இடுப்பில் கை வைத்தான், கெட்ட வார்த்தை சொன்னான், வண்டியைத் திருப்பினான். துப்பாக்கிக்குப் பயப்படாதவன், சட்டத்துக்குப் பயப்படாதவன், ஒரு முழ ஓலைக்குப் பயந்தான். இதைப் பார்த்துச் சிரிப்பதா அழுவதா? ஒரு நாட்டின் எல்லையைக் காக்க ஓலைதான் இருக்கிறது என்றால் மற்றதெல்லாம் எதற்கு இருக்கிறது என்று யாராவது கேட்க வேண்டாமா?

"அக்கா, உன் ஓலை என் பொழப்பக் கெடுத்துருச்சு," என்றான் கிந்தினு.

"உனக்குன்னு ஒரு பொழப்பு இருந்துச்சா?"

கொட்டை கொட்டகைக்கு வர ஆரம்பித்தது. பீப்பாய் அடுப்பு அணையாமல் எரிந்தது. பெண்கள் பாடிக்கொண்டே உடைத்தார்கள். மொமாரைக் கிண்டல் செய்து ஒரு பாட்டு, கிந்தினுவின் நொண்டி நாற்காலிக்கு ஒரு பாட்டு. பாதி லாரிக்கு மேல் பருப்பு சேர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு வரத்து மந்தமானது. மொமாரிடம் முன்கூட்டியே நெல் வாங்கித் தின்றவர்கள் கொட்டையை அவனுக்கும் கொடுக்க முடியாமல், கொட்டகைக்கும் கொண்டுவராமல், குதிருக்குள் பதுக்கி வைத்திருந்தார்கள். யார் யார் என்று எவருக்குத் தெரியும்? குதிரை எட்டிப் பார்க்க முடியாதே.

அந்த நேரத்தில் எர்னெஸ்தா காய்ச்சலில் விழுந்தாள். உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. பெண்கள் வாசலில் நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சபினா உள்ளே வந்து, அவள் கண்ணை விரித்துப் பார்த்துவிட்டு வெளியே போனாள்.

"கொசுக் காய்ச்சல்! மாத்திரை போட்டாச்சு, ரெண்டு நாள்ல எந்திரிச்சிருவேன். மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு நிக்காதீங்க, போய் வேலையப் பாருங்க!" என்று பாயிலிருந்தே கத்தினாள்.

உண்மையில் அது கொசுக் காய்ச்சல்தான். அந்த மாதத்தில் ஊரில் பாதிப் பேருக்கு வருவது. ஆனால் லீனுவுக்கு அது காய்ச்சலாகத் தெரியவில்லை. பெண்டாட்டி சாகப்போகிறாள், தன்னால் சாகப்போகிறாள் என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. நடுப்பகலில் ஏணியை எடுத்து வந்து தன் குதிரின்மேல் சாத்தினான். மூடியைப் புரட்டித் தள்ளினான். உள்ளே இறங்கி மூட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே எறிந்தான். ஒரு மூட்டை பிரிந்து கொட்டை வாசலெங்கும் சிதறியது.

"அழுக்கு என் கையிலதான்! அவளுக்கு ஒண்ணும் தெரியாது. புடிக்கிறதா இருந்தா என்னப் புடி, அவள விட்டுரு!" என்று யாரையோ பார்த்துக் கத்தினான். அவன் அப்படிக் கத்தி ஊர் கேட்டதேயில்லை, வாசலில் கூடிவிட்டது.

எர்னெஸ்தா போர்வையோடு சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். கொட்டையைப் பார்த்தாள். குதிரைப் பார்த்தாள். ஏணியில் ஏறி உள்ளே எட்டியும் பார்த்துவிட்டாள். அடியில் தூசியும் எலிப் புழுக்கையும்தான் இருந்தன.

"பழைய நெல்லு எங்க?"

"அது எப்பவோ தீந்து போச்சு."

"அப்ப போன மழையில நான் தின்னது?"

அவன் சிதறிய கொட்டையைக் காலால் ஒதுக்கினான். கூட்டத்தில் எவளோ தொண்டையைச் செருமினாள்.

"சொல்லுடா!"

"மொமார் நெல்லு. கழிக்கு அந்தப் பக்கம் இருக்குற நம்ம இனத்து ஆளுங்ககிட்ட வாங்கிக் குடுத்தான். பார்த்தா வித்தியாசம் தெரியாது."

போன மழைக்காலம் முழுக்க எர்னெஸ்தா கிணற்றடியில் நின்று மற்றப் பெண்களை ஏசியிருக்கிறாள். கடத்தல்காரன் நெல்லைத் தின்கிற வாய் எதற்கு, அதை மூடிக்கொண்டு செத்தால் என்ன என்றுகூடக் கேட்டிருக்கிறாள். கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து அதே நெல்லைக் குத்திப் புடைத்து ஆக்கித் தின்றிருக்கிறாள். ஊருக்கே அது தெரிந்திருந்தது. அவள் வாய்க்குப் பயந்து ஒருத்தியும் சொல்லவில்லை. பயந்தார்களா, உள்ளுக்குள் சிரித்தார்களா? காய்ச்சலைவிட அது கொதித்தது.

"கட்ட அவுக்கணும்," என்றாள் சபினா. "இல்லேன்னா அழுக்கக் கழுவணும்."

"எப்படிக் கழுவுறது?"

"தின்னத, தின்னவ குதிர்லேர்ந்து, எல்லார் கண்ணு முன்னாடியும் எடுத்துத் திருப்பிக் குடுக்கணும்."

ஒரு பெலூப்புப் பெண்ணின் குதிரை ஊர் முன்னால் திறப்பதும் நடுத்தெருவில் அவள் துணியை அவிழ்ப்பதும் ஒன்றுதான். லீனு ஓடிவந்து குறுக்கே நின்றான். எர்னெஸ்தா அவனைத் தள்ளிவிட்டு, ஏணியை இழுத்துப் போய்த் தன் குதிரில் சாத்தி மூடியைத் திறந்தாள்.

"வாங்கடி! எல்லாரும் வந்து பாருங்க! ஆசை தீரப் பாருங்க!"

பார்த்தார்கள். பாதிகூட இல்லை. மிளகாயின் குதிர் நிரம்பி வழிகிறது என்றுதான் ஊர் நினைத்திருந்தது. அவளும் அப்படி நினைக்கட்டும் என்றுதான் விட்டிருந்தாள்.

கூடை கூடையாக அள்ளி, பெண்கள் தலையில் ஏற்றி, துறைக்குப் போனார்கள். மொமார் வழக்கம்போல அன்றைக்கும் கழிக்கு நடுவில் தோணியை நிறுத்திக் காத்துக்கொண்டிருந்தான். கட்டு அவிழுமா என்று தினமும் வந்து பார்க்கிறவன். பெண்கள் தலைச்சுமையோடு வருவதைப் பார்த்ததும் முகம் மலர்ந்து கரைக்கு வந்தான். நெல்லைப் பார்த்ததும் சுருங்கிவிட்டான்.

"என்னம்மா இது? நான் கொட்டைக்குத்தானே குடுத்தேன்?"

"நெல்லு குடுத்த, நெல்லு வாங்கிட்டுப் போ."

"அது எப்படி? மழையில நெல்லுக்கு இருந்த மதிப்பு வேற, இப்ப இருக்குற மதிப்பு வேற."

"எங்களுக்குப் பசிக்கிறப்ப ஒரு மதிப்பு, உனக்குக் குடுக்குறப்ப ஒரு மதிப்பா? எங்க பசியிலயாடா நீ வியாபாரம் பண்ணுவ? எடுக்குறியா, கழியில கொட்டவா?"

அவன் சபினாவைப் பார்த்தான், ஓலையைப் பார்த்தான். முணுமுணுத்துக்கொண்டே கூடைகளை வாங்கித் தோணியில் கவிழ்த்தான். எர்னெஸ்தா கரையில் குந்தி உட்கார்ந்தாள்.

வீடு திரும்பும் வழியில் ஒருத்தி கூட்டத்திலிருந்து பிரிந்து தன் வீட்டுக்குள் போனாள். கொஞ்ச நேரத்தில் அவள் புருஷன் ஏணியோடு வெளியே வந்தான். பிறகு இன்னொரு வீட்டில் ஏணி சாத்தும் சத்தம். எல்லாரும் திறந்தார்கள் என்று சொல்ல மாட்டேன். பாதிப் பேர் திறந்தார்கள். மற்றவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு, இதெல்லாம் நம் வீட்டு விஷயமில்லை என்பதுபோல இருந்துவிட்டார்கள். ஆனால் அந்தப் பாதிப் பேர் வீட்டிலிருந்து வந்த கொட்டையே கொட்டகையில் மலையாகக் குவிந்தது. முதல் மழை இறங்குவதற்கு முன்னால் லாரி நிறைந்து கிளம்பியது. சாவடியில் நின்றது. கிந்தினு எழுந்து, காகிதத்தை வாங்கிப் பார்த்து முத்திரை குத்தினான். முத்திரை எங்கே வைத்தோம் என்று தேடத்தான் அவனுக்கு நேரமாயிற்று. தீவுக்கார அம்மாள் அடுத்த வருஷத்துக்கும் சொல்லி அனுப்பினாள்.

கொட்டகை பிழைத்துக்கொண்டது. வீட்டில் இரண்டு குதிரும் காலி. மழை வேறு தொடங்கிவிட்டது.

அதுவரை எர்னெஸ்தா லீனுவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. கூலிக் காசில் வாங்கிய கப்பல் அரிசியை அவன் முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருந்தா என்ன?"

"எப்படிச் சொல்றது? வாங்குன அரிசியத் தின்னவங்கள நீ கிணத்தடியில வச்சுக் கிழிச்சிட்டு வருவ. நான் வந்து, நம்ம வீட்டுலயும் நெல்லு இல்லடின்னு சொல்றதா? உன் வாய்க்குப் பயந்துதான் பண்ணேன்."

ஊரில் பாதி ஆண்கள் இதையேதான் தங்கள் வீட்டில் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தாள். அதற்கும் கோபம் வந்தது. அந்தக் கோபத்தை யார்மேல் போடுவது என்றுதான் தெரியவில்லை.

மறுநாள் காலையில் அவள் கொட்டகைக்குப் போகவில்லை. உடைந்த கரைக்குப் போனாள். கடல் உள்ளே வந்து வெளுத்துக் கிடந்த வயலுக்கு நடுவே, தோளில் காஜந்துவோடு போனாள். காஜந்து என்பது ஆள் உயரக் கைக்கலப்பை, சேற்றை வெட்டித் தூக்கிக் கரை போடுகிற கருவி. ஆண்கள் மட்டும் தொடுகிற கருவி. லீனு பின்னாலேயே ஓடி வந்தான்.

"ஏய், அது பொம்பளைங்க தொடக்கூடாதது!"

"குதிரையே திறந்தாச்சு. இனிமே தொடக்கூடாதது என்ன மிச்சம் இருக்கு?"

அவள் சேற்றில் குத்தினாள். கருவி அவளுக்கு நீளம், முதல் குத்தில் சேறு கிளம்பவே இல்லை. இரண்டாவது குத்தில் ஒரு கட்டி வந்தது. அதைத் தூக்கி உடைப்பில் போட்டாள். தண்ணீர் அதை உடனே கரைத்துக்கொண்டு போனது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி குத்தினாள். லீனு சேற்றில் இறங்கி வந்து கையை நீட்டினான்.

"குடு. நான் போடுறேன்."

"இது என்கிட்ட இருக்கட்டும். உங்க அண்ணன் வீட்டுல ஒண்ணு சும்மாதான் கிடக்கு, போய் வாங்கிட்டு வா," என்றாள் நிமிராமலே. "எதுக்குன்னு கேட்டா, 'என் குதிர் காலி'ன்னு சத்தமாச் சொல்லு."